உப்புப் பாலையில் எழுந்த வணிக நகரம்

1947ஆம் ஆண்டில் நாடு பிரிவினையுற்றபோது நதிகளும் கால்வாய்களும் இருப்புப்பாதைகளும் பங்கிடப்பட்டது போலவே தொல்பொருள் இடங்களும் பங்கிடப்பட்டன. 1924 செப்டம்பரில் சர் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். அவ்வறிவிப்புக்கு ஆதாரமாக இருந்த ஹரப்பா, மொகஞ்சதாரோ ஆகிய இரு பெருநகரங்களும் பாகிஸ்தான் எல்லைக்குள் அமைந்துவிட்டன. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் இவ்விழப்பை ஈடுசெய்யும் நோக்கத்துடன் ராஜஸ்தான், குஜராத், பஞ்சாப் நிலப்பகுதிகளில் முறையான தேடலை மேற்கொண்டனர். முதல் ஐந்தாண்டுத் திட்டம் முடிவுறும் தறுவாயில், 1955இல், குஜராத்தில் லோதல் என்னும் மேட்டில் எஸ்.ஆர். ராவ் அகழாய்வைத் தொடங்கினார். 1960களில் ராஜஸ்தானின் காளிபங்கனில் பி.பி. லாலும் பி.கே. தாப்பரும் ஒன்பது பருவங்கள் அகழ்ந்தனர். கட்ச் மாவட்டத்தின் தோலாவீராவை 1967–68இல் ஜகத்பதி ஜோஷி கண்டறிந்தார். 1990 முதல் 2005 வரை ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் அங்கு விரிவான அகழாய்வு நடைபெற்றது.

இம்மூன்று இடங்களையும் நிலப்படத்தில் குறித்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். காளிபங்கன் தார்ப் பாலையின் வட விளிம்பில், இன்று மழைக்காலத்தில் மட்டுமே நீரோடும் கக்கர் ஆற்றின் கரையில் உள்ளது. லோதல், காம்பே வளைகுடாவின் தலைப்பகுதியில், சபர்மதி ஆறு கடலை நோக்கிச் செல்லும் தாழ்நிலத்தில் உள்ளது. தோலாவீராவோ பெரிய ரண் எனப்படும் உப்புச் சதுப்பின் நடுவே, காதிர் என்னும் தீவில் அமைந்துள்ளது. மூன்றும் நாட்டின் வளமான நெல்வயல்களின் நடுவே எழுந்தவை அல்ல. ஒரு நிலவகையிலிருந்து மற்றொன்றுக்கு, அதாவது பாலையிலிருந்து ஆற்றுக்கும் ஆற்றிலிருந்து கடலுக்கும், சரக்கு கைமாறும் இடங்களில் எழுந்தவை. இத்தகைய நகரங்கள் எவ்வாறு வாழ்ந்தன, ஏன் அழிந்தன என்னும் வினா வரலாற்று மாணவர்க்கு மட்டும் உரியதன்று. பொதுப் பணத்தைச் செலவிடும் பொறுப்பில் உள்ளோர்க்கும் அது உரியது.

எடைக்கற்களும் மணிகளும்

சிந்துவெளி வாணிபத்துக்கு மிக உறுதியான சான்று, செர்ட் என்னும் கடினக் கல்லில் கனசதுரமாக வெட்டி மெருகிடப்பட்ட எடைக்கற்களாகும். இவற்றுள் சிறியவை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என இரட்டித்துச் செல்லும் வரிசையைச் சார்ந்தவை. பதினாறாம் நிலையில் உள்ள கல் ஏறத்தாழ 13.7 கிராம் எடையுள்ளது. பஞ்சாபிலிருந்து குஜராத் வரை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள ஊர்களில் இவ்வெடை பெரிதும் மாறாமல் காணப்படுகிறது. பாரசீக வளைகுடாவில் பஹ்ரைன் தீவிலும் இவ்வகைக் கற்கள் கிடைத்துள்ளன. சேரும் மணங்கும் மாகாணத்துக்கு மாகாணம், சில பொருள்களில் சந்தைக்குச் சந்தை வேறுபட்டுக் கிடந்த நம் நாட்டில் ஒரே சீரான அளவைமுறைக்கு 1956ஆம் ஆண்டின் எடை, அளவைத் தரச் சட்டம் தேவைப்பட்டது என்பதை நினைவுகூர்ந்தால், நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சீர்மை எய்தப்பட்டதன் அருமை விளங்கும். அதனை நிலைநிறுத்திய அதிகார அமைப்பு எது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் தரத்தைக் காத்த ஏதோ ஒரு பொது நிறுவனம் இருந்தே ஆகவேண்டும் என்று பொருளாதாரம் பயின்றோர் எளிதில் கூறுவர். வாங்குவோன் விற்போனை அறியாத தொலைதூர வாணிபத்தில், நம்பிக்கைக்குப் பதிலாக நிற்பது எடைக்கல்லே ஆகும்.

சரக்குகளுள் முதன்மையானது சூதுபவளம். இதற்கான மூலக்கல் குஜராத்தில் ராஜ்பிப்லாவை அடுத்த ரத்தன்பூர்ப் பகுதியில் கிடைப்பது. அதனைச் சூடேற்றிச் செந்நிறம் ஊட்டி, வெட்டி, மெருகிட்டு, நெடுக்காகத் துளையிட்டு நீண்ட மணிகளாக்கினர். துளையிடும் சிறு கல்லூசிகள் தோலாவீராவில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. பண்டைய முறையைப் பின்பற்றிச் செய்து பார்த்த ஆய்வாளர்கள், மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் ஆழமே துளையிட முடிந்தது என்று கண்டுள்ளனர். இக்கணக்கின்படி பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மணியைத் துளைக்க மட்டும் 40 மணி நேரம், அதாவது எட்டு மணி நேர வேலைநாள்கள் ஐந்து, தேவைப்படும். ஒரு மணியிலேயே இத்துணை உழைப்பு அடங்கியிருந்தமையால் அது எடையில் சிறிதாயினும் விலையில் பெரிதாயிற்று. பாலையையும் கடலையும் கடந்து சென்றும் ஆதாயம் தரக்கூடியதாயிற்று. இன்றைய ஈராக்கில் உள்ள ஊர் நகரத்து அரச கல்லறைகளில் இம்மணிகள் காணப்பட்டன. காம்பேயில் இன்றும் மணி செய்யும் குடும்பங்கள் உள்ளன என்பது இத்தொழிலின் தொடர்ச்சிக்குச் சான்றாகும்.

மறுமுனையிலிருந்தும் ஆதாரங்கள் கிடைக்கின்றன. கி.மு. 2300 அளவில் ஆண்ட அக்காத் நாட்டு மன்னன் சார்கோன், மெலூகா, மகான், தில்முன் ஆகிய நாட்டுப் படகுகள் தன் நகரத் துறையில் நின்றதாகப் பெருமையுடன் பொறித்துள்ளான். தில்முன் என்பது பஹ்ரைனையும் மகான் என்பது ஓமானையும் குறிப்பன. மெலூகா என்பது சிந்துவெளியே என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கின்றனர். மெலூகா மொழிக்குத் துபாசியாக இருந்த ஷு-இலிஷு என்பவனின் உருளை முத்திரை இன்று பாரிஸ் லூவர் காட்சியகத்தில் உள்ளது. தனித் துபாசி ஒருவனை வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவ்வாணிபம் வழக்கமானதாக இருந்தது போலும். வடக்கே, ஆப்கானிஸ்தானத்தில் ஆமு தாரியா ஆற்றை ஒட்டிய ஷோர்த்துகாய் என்னும் இடத்தில் சிந்துவெளி மக்களின் குடியிருப்பு ஒன்று அகழப்பட்டுள்ளது. பதக்ஷான் மலைகளின் லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல்லைப் பெறுவதற்காக அது அமைக்கப்பட்டிருக்கலாம்.

லோதலில் செங்கற்களால் கட்டப்பட்ட பெரிய தொட்டி, ஏறத்தாழ 214 மீட்டர் நீளமும் 36 மீட்டர் அகலமும் கொண்டது. ராவ் அதனைக் கப்பல்துறை எனக் கொண்டார். அது நன்னீர்த் தேக்கமே என வாதிட்டோரும் உளர். பழைய ஆற்றுத்தடங்களைக் காட்டும் அண்மைக்காலச் செயற்கைக்கோள் படங்கள் ராவின் கருத்துக்கு வலுவூட்டுகின்றன. எவ்வாறாயினும் அருகிலிருந்த பண்டகசாலையில் சரக்குமூட்டைகளின் மீது பதித்த முத்திரைக் களிமண் துண்டுகள் கிடைத்துள்ளமையால் லோதல் வணிகத் தலம் என்பதில் ஐயமில்லை.

மழையை அறுவடை செய்த நகரம்

தோலாவீராவின் நிலைமை இவற்றினும் கடினமானது. அங்கு வற்றாத ஆறு இல்லை. நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. மழை குறைவு, அதுவும் ஆண்டுதோறும் ஒழுங்காகப் பெய்வதில்லை. நகரின் வடக்கே மான்சர், தெற்கே மன்ஹர் என்னும் இரு காட்டோடைகள் மழைக்குப்பின் சில நாள்களே ஓடுவன. ஆயினும் சிந்துவிலிருந்து சௌராஷ்டிரத்துக்குச் செல்லும் வழியில், ரண் நீர்ப்பரப்பாக இருந்ததாகக் கருதப்படும் காலத்தில், காதிர் தீவு தவிர்க்க இயலாத இடைநிலையாக இருந்தது. வழி அந்த இடத்தைக் கட்டாயமாக்கியது. நீரோ அங்கு இல்லை. இம்முரண்பாட்டைத் தீர்த்த முறையே தோலாவீராவின் சாதனை.

ஓடைகளின் குறுக்கே கல்லணைகள் கட்டி நீரைத் திருப்பினர். மதிலின் உட்புறத்தை ஒட்டி, நகரைச் சூழ்ந்து வரிசையாக நீர்த்தேக்கங்களை அமைத்தனர். கிழக்கிலிருந்து மேற்காகச் சரியும் இயற்கை வாட்டத்தைப் பயன்படுத்தி, ஒன்று நிரம்பியபின் அடுத்ததற்கு நீர் வழியும் வண்ணம் கரைகளும் வாய்க்கால்களும் அமைக்கப்பட்டன. கோட்டைப் பகுதியில் பெய்த மழைநீரும் கல் பாவிய வடிகால்கள் வழியே சேகரிக்கப்பட்டது. அவற்றுள் சில ஆள் நடந்து செல்லும் உயரமுடையவை. கழிவுநீருக்கு வேறு வழி இருந்தது. கிழக்கு நீர்த்தேக்கம் ஒன்று மட்டும் ஏறத்தாழ 73 மீட்டர் நீளமும் 29 மீட்டர் அகலமும் 10 மீட்டர் ஆழமும் கொண்டது. நேர்ச்சுவர்ப் பெட்டியாகக் கணக்கிட்டால் அதன் கொள்ளளவு இரண்டு கோடி லிட்டரைத் தாண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்று வைத்தால், ஆவியாதலும் கசிவும் நீங்கலாக, ஐயாயிரம் பேருக்கு இருநூறு நாள்களுக்கு அது போதும். ஆழம் இவ்வளவு மிகுதியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மழையளவைப் போலப் பல மடங்கு நீர் வெயிலில் ஆவியாகும் நிலத்தில், அகன்ற ஆழமற்ற ஏரி விரைவில் வற்றும். குறுகிய ஆழமான தேக்கம் நீரைக் காக்கும்.

நகரின் வடவாயிலில் வெண்ணிறக் கனிமத் துண்டுகளால் பதித்த பத்துப் பெரிய குறிகள் கொண்ட பெயர்ப்பலகை ஒன்று கிடைத்துள்ளது. மர உருவில் அழிந்து எழுத்து மட்டும் எஞ்சிய அதனை இதுவரை எவரும் ஐயமற வாசித்ததில்லை. இந்திய ஆட்சிப்பணியில் இருந்துகொண்டே ஐராவதம் மகாதேவன் தொகுத்து, 1977இல் தொல்பொருள் ஆய்வுத் துறை வெளியிட்ட சிந்து எழுத்துத் தொகுதி இத்துறையில் இன்றும் அடிப்படை நூலாக விளங்குகிறது. ஓய்வுநேரத்தை இவ்வாறும் செலவிடலாம் என்பதற்கு அலுவலர்க்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

நலிவின் முதல் அறிகுறி

இந்நகரங்கள் ஏன் அழிந்தன? படையெடுப்பு என்ற பழைய விளக்கம் இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுள்ளது. கி.மு. 2200 அளவில் பருவமழை நலிவுற்றது என்பதற்கு மேகாலயத்தின் மாம்லூ குகையில் உள்ள சுண்ணப் படிவுகள் சான்று தருகின்றன. புவியியலார் நாம் வாழும் காலப்பிரிவுக்கு 2018இல் மேகாலயக் காலம் என்று பெயரிட்டதும் இதனாலேயே. காளிபங்கனைப் பொறுத்தவரை, சட்லெஜ் ஆறு நகரம் எழுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கக்கர் தடத்தைவிட்டு விலகிவிட்டது என்று மணற்படிவு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே அந்நகரம் பனியாற்றை அன்று, பருவமழை ஆற்றையே நம்பியிருந்தது. மழை குறைந்தபோது அதற்கு மாற்று வழி இருக்கவில்லை. மெசொப்பொத்தேமியாவில் கி.மு. 2000 அளவில் ஊர் நகர அரசு வீழ்ந்தபின் மெலூகா வாணிபம் பற்றிய குறிப்புகளும் அருகிவிட்டன.

ஆற்றை நம்பிய வணிக நகரம் எவ்வளவு விரைவில் அழியக்கூடும் என்பதற்கு அண்மை நூற்றாண்டுகளிலேயே, கட்சிலேயே, எடுத்துக்காட்டு உண்டு. மேற்கு எல்லையில் கோரி கழிமுகத்தை ஒட்டிய லக்பத், சிந்துவுடன் நடந்த வாணிபத்தால் செழித்த துறைமுகம். 1760களில் சிந்து ஆட்சியாளர் குலாம் ஷா கல்ஹோரா ஆற்றின் கிழக்குக் கிளையில் அணைகள் கட்டியதால் நீர்வரத்து குறைந்து நெல்விளைவு நலிந்தது. 1819 ஜூன் 16ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அல்லா பந்த் எனப்படும் மண்மேடு எழும்பி, எஞ்சிய நீரையும் தடுத்தது. இன்று அங்கு நீண்ட கோட்டைமதிலும் அதற்குள் சில குடும்பங்களுமே உள்ளன.

தோலாவீரா அவ்வாறு ஓரிரு தலைமுறைகளில் அழிந்த நகரமன்று. கி.மு. 3000 அளவிலிருந்து கி.மு. 1500 வரை அதன் வாழ்வை ஏழு கட்டங்களாக அகழாய்வாளர் பிரித்துள்ளனர். இவற்றுள் ஐந்தாம் கட்டத்தைப் பற்றிய அவர்களது கணிப்பு, என் கருத்தில், முழு அறிக்கையிலும் மிகுந்த கவனத்துக்குரியது. அக்கட்டத்தில் நகரம் இன்னும் மக்கள் வாழும் நகரமாகவே இருந்தது. எடைக்கற்களும் முத்திரைகளும் மட்பாண்டங்களும் வழக்கில் இருந்தன. நலிவு வெளிப்பட்டது பராமரிப்பில். அதிலும் குறிப்பாகக் கோட்டைப் பகுதியின் பராமரிப்பில். அதன்பின் நகரம் சிறிதுகாலம் கைவிடப்பட்டது. ஆறாம் கட்டத்தில் திரும்பி வந்தோர் அதன் ஒரு பகுதியில் மட்டுமே குடியேறினர். ஏழாம் கட்டத்தில் வந்தோர் நகர அமைப்பைப் பொருட்படுத்தாமல் வட்டவடிவக் குடில்களை அமைத்து வாழ்ந்தனர்.

இதனைப் பொருளாதார நோக்கில் விளக்க முற்படலாம். நீர்த்தேக்கம் ஒரு முறை வெட்டி முடிக்கும் சொத்தன்று. காட்டோடை நீர் வண்டலைச் சுமந்தே வரும். ஆண்டுதோறும் தூர்வாராவிடில் கொள்ளளவு குறையும். கல்லணை உடைப்பெடுத்தால் அடுத்த மழைக்கு முன் அடைத்தாக வேண்டும். இவ்வேலைக்கு வேண்டிய தானியமும் ஆள்பலமும் காதிர் தீவின் வறண்ட வயல்களிலிருந்து முழுமையாகக் கிடைத்திருக்க இயலாது. வாணிபத்தின் உபரியே அதற்கு மூலமாக இருந்திருக்க வேண்டும். கடல்வழி வாணிபம் சுருங்கியபோது உபரி சுருங்கிற்று. உபரி சுருங்கியபோது முதலில் குறைக்கப்பட்டது மராமத்து. மழையும் அதே காலத்தில் நலிந்தமையால் மராமத்தின் தேவை கூடிற்றேயன்றிக் குறையவில்லை. வாணிபமா, மழையா என்று அறிஞர்கள் வாதிடுவதைவிட, இரண்டும் சந்தித்த இடம் நீர்த்தேக்கத்தின் கரை என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

நிதித்துறைக் கோப்புகளைக் கையாண்டோர்க்கு இது புதிய செய்தியன்று. புதிய அணைக்கும் புதிய கட்டடத்துக்கும் ஒதுக்கீடு பெறுவது எளிது. இருப்பதைப் பேணுவதற்குப் பெறுவது அரிது. நெடுங்காலம் நம் வரவு செலவுத் திட்டங்களில் திட்டச் செலவு, திட்டமல்லாச் செலவு என்ற பாகுபாடு இருந்தது. பராமரிப்பு பெரும்பாலும் இரண்டாவதில் அடங்கியமையால், சிக்கனம் என்ற சொல் எழும்போதெல்லாம் கத்தரிக்கோல் அதன்மீதே விழுந்தது. 2017–18ஆம் ஆண்டில் அப்பாகுபாடு நீக்கப்பட்டது. மனப்போக்கு அத்துணை எளிதில் நீங்கிவிடவில்லை. 2023இல் வெளியிடப்பட்ட நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பின்படி குளம், ஏரி, தடுப்பணை முதலிய நீர்நிலைகள் 24,24,540 உள்ளன. இவற்றுள் 16.3 விழுக்காடு பயன்பாட்டில் இல்லை. வற்றிப்போதல், தூர்ந்துபோதல், கட்டுமான ஆக்கிரமிப்பு, உவர்ப்பு, சீர்செய்ய இயலாச் சிதைவு ஆகியன அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் அடங்கும். தோலாவீராவின் ஐந்தாம் கட்டத்துக்கு அறிக்கை எழுதுவோர் அன்று இருந்திருந்தால் ஏறத்தாழ இக்காரணங்களையே பட்டியலிட்டிருப்பர்.

சிதைவுகளைக் காப்பது

சிதைவுகளுக்கும் பராமரிப்பு வேண்டும். 1850களில் லாகூர்–முல்தான் இருப்புப்பாதை அமைத்தபோது ஒப்பந்தக்காரர்கள் ஹரப்பாவின் செங்கற்களைப் பெயர்த்தெடுத்து, ஏறத்தாழ நூறு மைல் நீளப் பாதைக்கு அடிப்பரப்பாக இட்டனர் என்பதை அலெக்சாண்டர் கன்னிங்காம் பதிவு செய்துள்ளார். வளர்ச்சிப் பணியின் பெயரால் நேர்ந்த அவ்விழப்பு மீட்க இயலாதது. இன்று பாதுகாக்கப்பட்ட நினைவிடங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் தடைசெய்யப்பட்டுள்ளது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இவ்வரம்புகளைச் சட்டத்திலேயே சேர்த்துள்ளது.

சட்டத்தின் நோக்கம் சரியானதே. அதன் சுமை யார்மீது விழுகிறது என்பதையும் காண வேண்டும். 2020–21 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் தோலாவீரா, ராக்கிகடி, அஸ்தினாபுரம், சிவசாகர், தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூர் ஆகிய ஐந்து இடங்கள் காட்சியகங்களுடன் மேம்படுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. தோலாவீரா 2021 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. லோதலில் தேசியக் கடல்சார் பாரம்பரிய வளாகத்துக்கு 2024 அக்டோபரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் அரியானாவின் ராக்கிகடியில் பழைய நகரத்தின் மேடுகள்மீதே இன்றைய ஊரின் வீடுகள் உள்ளன. அங்குள்ள குடும்பத்துக்கு ஓர் அறை கூடுதலாகக் கட்டுவதும் அனுமதிக்குரிய விவகாரமாகும். வீடிழப்போர்க்கு மனையும் இழப்பீடும் முதலில் கைக்கு வந்து, பின்னரே மேடு வேலியிடப்படுமாயின் அம்மக்களே காவலராவர். வேலி முதலில் வந்து இழப்பீட்டுக் கோப்பு ஆண்டுக்கணக்கில் சுற்றுமாயின், மண்ணும் செங்கல்லும் இரவில் இடம்பெயர்வதை எந்தக் காவலாளியாலும் தடுக்க இயலாது. காட்சியகக் கட்டடத்துக்கான மதிப்பீட்டைத் தயாரிக்கும்போதே, அகழ்ந்து திறந்துவிடப்பட்ட சுவர்களை மழைக்கும் உப்புக்காற்றுக்கும் எதிராகப் பேணுவதற்கான ஆண்டுச் செலவையும், அவ்வூராரை அப்பணியில் அமர்த்துவதற்கான ஊதியத்தையும் அதே மதிப்பீட்டில் சேர்த்துக் கேட்பது மாவட்ட நிருவாகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதே.